சின்ன மாமாவை நிறுத்திடலாம்

அத்தியாயம் 17

ஏழு மாதங்களுக்கு முன்னால் "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கியவர் சின்ன மாமா. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; பத்து என்று சொன்னதே தாராளம்தான். வந்த ஐந்தாவது நிமிடத்தில் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தார். அம்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, தம்பி இப்போதைக்குக் கிளம்ப மாட்டான் என்று. இருபத்தாறு வருடம் மற்றவர்களுக்கு வீடு மாற்றித் தருவதையே தொழிலாகச் செய்தவர் அவர். சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேராமல் கயிற்றில் கை வைக்க மாட்டார்.

அவருக்குக் கொடுத்தது பின்பக்க அறை. அதுதான் அம்மாவின் பிள்ளைகள், மூத்தவளும் இளையவனும், தங்கள் சின்னக் கம்பெனியை நடத்திவந்த அறை. அன்றைக்கே கம்பெனி சாப்பாட்டு மேஜைக்குக் குடிபெயர்ந்தது. மாமா காதுபட யாரும் 'அறை' என்ற வார்த்தையையே எடுக்கக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டிருந்தார். பிள்ளைகள் எடுக்கவில்லை. மனசுக்குள் நினைத்துக்கொள்வதற்கு அம்மாவின் கட்டளை செல்லாது.

போன வாரம் தபால்காரர் கொடுத்த ஓர் உறையை மாமா பிரிக்காமல் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டதை மூத்தவள் பார்த்தாள். அம்மா அப்போது நூலகத்தில் இருந்தார். அங்கே அவருக்கு அரைநாள் வேலை. இவ்வளவு தெரிந்தால் போதும், இந்த வியாழக்கிழமைக்குள் நுழைந்துவிடலாம்.

கம்பெனி என்றால் இரண்டே பேர், ஒரே ஒரு வெப்சைட். பள்ளிக்கூடங்கள் வருடம் முழுக்க எடுத்த படங்களை அதில் ஏற்றிவிட்டால், வகுப்புக்கு ஒன்றாக ஆல்பம் தயாராகிப் பெற்றோரின் போனுக்குத் தானாகப் போய்விடும். தானாக என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். திரைக்குப் பின்னால் நான்கு புரோகிராம்கள் இரவும் பகலும் அந்த வேலையைப் பார்க்கின்றன. இந்தத் தொழிலில் அவற்றுக்கு ஒர்க்கர் என்று பெயர்.

நான்கு வருடத்துக்கு முன், கம்பெனி ஆரம்பித்த உற்சாகத்தில், அக்காவும் தம்பியும் அந்த நால்வருக்கும் சொந்தக்காரர்களின் உறவுமுறையையே பெயராக வைத்துவிட்டார்கள். சேதியை ஊருக்கெல்லாம் பரப்புகிற ஒர்க்கர், அத்தை. ஒவ்வொரு படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்து நேரத்தைக் கடத்துவது பெரியப்பா. மிச்சம் மீதியைத் துடைத்து எடுப்பது குட்டி. படங்களையெல்லாம் சேர்த்து ஆல்பமாகக் கட்டுகிற பெரிய வேலை சின்ன மாமாவுக்கு. விளையாட்டு வினையாகும் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்.

இன்றைக்கு மாலை நான்கு மணிக்கு, ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியின் வருடக் கடைசிக் கூட்டம். தலைமையாசிரியை மேடையில் அறிவித்ததும் பெற்றோர் எல்லாரும் போனைத் திறப்பார்கள். முப்பத்தெட்டு வகுப்பு, முப்பத்தெட்டு ஆல்பம். போன வருடம் இதே பள்ளிக்கு ஒரு நாள் தாமதமானது. இந்த முறையும் அப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகத் தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் மூத்தவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

இளையவன் காலையிலேயே பள்ளிக்குப் போய்விட்டான். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து நம்பிக்கை ஊட்டுவது அவன் இலாகா. நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்ப்பது அக்காவின் இலாகா.

பத்தரை மணிக்குக் காரணம் எதுவும் இல்லை. முப்பத்தெட்டில் ஐந்துதான் முடிந்திருந்தது. சின்ன மாமா மூன்று முறை செத்துப் பிழைத்திருந்தார்.

நடப்பது இதுதான். அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் கம்ப்யூட்டரில் மெமரி மொத்தமே எட்டு ஜி.பி. நான்கு ஒர்க்கர்களும் அதைத்தான் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சின்ன மாமா ஒருவரே ஆறரையை எடுத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் இன்னும் கேட்டார். இடம் தீர்ந்ததும் கம்ப்யூட்டர் தன் வழக்கப்படி, யார் நிறையத் தின்கிறாரோ அவரை வெளியே தள்ளியது. தள்ளினால் அவர் பாதியில் விட்ட ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். வேலை இல்லாத இரண்டு நிமிட இடைவெளியில்கூட, பிடித்த மெமரியில் ஒரு துளியையும் கீழே விடவில்லை. அந்தப் பக்கம் பெரியப்பாவும் அத்தையும் மூச்சுவிட முடியாமல் கிடந்தார்கள்.

பெரிய மெஷினுக்கு மாறிவிடலாமே என்று இளையவன் போனில் யோசனை சொன்னான். பெரிய தட்டு வைத்தால் அதையும் காலி செய்வார், யானைப் பசிக்குத் தட்டு காரணமில்லை என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள். முதல் காரியம், சின்ன மாமாவை அப்படியே நிறுத்திவிட்டு, அவர் எதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார் என்று உள்ளே புகுந்து பார்ப்பது. அதை அவனுக்கு எழுதித் தெரிவித்துவிட்டு வேலையில் இறங்கினாள்.

எழுதிய இடம்தான் தவறு. அவள் போனில் இரண்டு குரூப்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒன்று 'வேலை'. அதில் அவளும் தம்பியும் மட்டும். இன்னொன்று 'வீடு'. அதில் அம்மாவும் சின்ன மாமாவும் சேர்த்தி. அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவள் கை தாராளமாக நுழைந்தது, பக்கத்து அண்டாவில்.

ஏற்கெனவே சொன்னேன், அறையை இழந்தவள் அவள். அந்தக் கோபம் எந்த அளவுக்கு அவள் விரல்களில் இருந்தது என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அவள் அனுப்பியது இது:

"சின்ன மாமாவை நிறுத்திடலாம். வேலை இல்லாத நேரத்துலயும் இடத்தை அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். தின்னது போதாதுன்னு இன்னும் கேக்கறார். மத்தவங்களுக்கு மூச்சு விட இடமில்ல. மதியத்துக்குள்ள வெளிய அனுப்பினாத்தான் நாம பிழைப்போம்."

இளையவன் தலைமையாசிரியையிடம் பேசிக்கொண்டே, குரூப்பின் பெயரைப் பார்க்காமல், பதில் போட்டான்:

"அனுப்பு. பாவ புண்ணியமே பாக்காத. நான் ஆறு மாசமா சொல்லிட்டு இருக்கேன்."

பத்து நிமிடம் கழித்து அதே இடத்தில் 'சரி' என்று ஒரு வார்த்தை வந்து விழுந்தது. திரையின் ஓரத்தில் அது எட்டிப் பார்த்துவிட்டு மறைந்ததை அவள் கவனித்தாள். தம்பிதான் என்று நினைத்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பதினொன்றரை மணி வாக்கில் பின்பக்க அறையில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஆணி கழற்றுகிற சத்தம். பிறகு மறுபடி இழுப்பது. புரோகிராமை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வரி தவறிப்போனது. மூன்றாவது முறை பொறுக்காமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

"மாமா, கொஞ்சம் சத்தமில்லாம பண்ணுங்களேன்."

"முடிஞ்சுது பாப்பா. இன்னும் பத்து நிமிஷம்."

முப்பத்து நான்கு வயதில் அவளை யாராவது பாப்பா என்று கூப்பிட்டால் அது அவர் ஒருவர்தான். அதன்பின் உண்மையாகவே சத்தம் வரவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குக் குற்றவாளி அகப்பட்டான். ஆல்பத்தில் ஒரு படம் நின்றவாக்கில் வருமா படுத்தவாக்கில் வருமா என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பக்கத்தைப் பிரிக்க முடியும். அதற்காக சின்ன மாமா வகுப்பின் நூற்றைம்பது படங்களையும் ஒரே நேரத்தில் முழுசாக விரித்து மடியில் வைத்துக்கொண்டார். மடித்து வைத்திருக்கும்போது நாலு எம்.பி. இருக்கிற படம் விரித்தால் முப்பது ஆகும். தேவைப்பட்டதோ அகலமும் உயரமும் மட்டும். அந்த இரண்டு எண்களும் படத்தை விரிக்காமலே, அதன் முகப்பிலேயே எழுதியிருக்கும். இது போதாதென்று ஒரே சமயத்தில் ஐந்து ஆல்பங்களைக் கையில் எடுக்கும்படி வேறு அவருக்கு உத்தரவு.

அந்த உத்தரவையும் அந்த வரிகளையும் எழுதியது யார் என்று பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி, அவள் பெயர். அப்போது வகுப்புக்கு இருபது படம்தான் வரும், யாருக்கும் வலிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள், ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை.

முகப்பை மட்டும் படிக்க வைத்தாள். ஒரு படத்தை எடு, பக்கத்தில் வை, கையை உதறிவிட்டு அடுத்ததை எடு என்று மாற்றினாள். ஐந்தை இரண்டாக்கினாள். பத்து ஆல்பம் முடிந்ததும் சின்ன மாமா தானே எழுந்து வெளியே போய்விட வேண்டும், அவர் இடத்தில் புதுசாக ஒருவர் வெறும் கையோடு வந்து உட்கார வேண்டும் என்று கடைசியாக ஒரு வரி சேர்த்தாள். சோதித்துப் பார்த்தபோது ஆறரை ஜி.பி. முந்நூறு எம்.பி.யில் வந்து நின்றது. ஒன்று ஐம்பதுக்கு நிஜ ஓட்டம் தொடங்கியது. மெமரியின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் திரையில் சின்ன மாமா என்று எழுதிய கோடு தரையோடு தரையாகப் போனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பசியும் வந்தது.

இரண்டு மணிக்கு அம்மா வந்தார். நேராகப் பின்பக்கம் போனவர் அங்கிருந்தே அவளைக் கூப்பிட்டார். குரலில் ஏதோ இருந்தது.

அறையில் படுக்கை இல்லை. அலமாரி காலி. தரை துடைத்திருந்தது. ஜன்னலை ஒட்டி அவளுடைய பழைய மேஜை நின்றது. ஏழு மாதமாகப் பகுதி பகுதியாகக் கழற்றிப் பரண்மேல் கிடந்ததை இறக்கி, முடுக்கி, அதே இடத்தில் வைத்திருந்தார். தரையில் மேஜைக்கால்கள் பதிந்து பழுப்பேறிய நான்கு வட்டங்கள் உண்டு. நான்கு கால்களும் அந்த வட்டங்களுக்குள் சரியாக நின்றன. பின்பக்கக் கதவு வெளியிலிருந்து சாத்தியிருந்தது. பெட்டிகள் இரண்டும் இல்லை.

சத்தமில்லாமல் செய்யுங்கள் என்று தான் சொன்னது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கவிழ்த்து வைத்த போனைத் திருப்பினாள்.

'வீடு' என்று மேலே எழுதியிருந்தது. அதன் கீழே அவள் எழுதியது, தம்பி எழுதியது, கடைசியில் சின்ன மாமாவின் 'சரி'. அவள் ஒருமுறை படித்தாள். அந்த ஐந்து வாக்கியத்தில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தாமல் இல்லை.

அம்மா தன் பையிலிருந்து போனை எடுத்து அவரும் படித்தார். கத்தவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

இளையவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பாவ புண்ணியம் பார்க்காதே என்றெல்லாம் எழுதித் தொலைத்தேனே, அழித்துவிடட்டுமா என்று கேட்டான். படித்து முடித்த பிறகு அழித்து என்ன பிரயோசனம் என்று இவள் கேட்டாள். மாமாவின் போன் அணைத்து வைத்திருந்தது.

இதில் இன்னொரு சிக்கல். ஓட்டம் முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். நடுவில் எங்காவது முட்டிக்கொண்டால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மறுபடி தொடங்க நேரம் கிடையாது. அவள் திரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை எழுப்பித் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். இந்தக் கோடு தரையோடு போகிறவரை கவலையில்லை, மேலே ஏறினால் உடனே போன் பண்ணு என்று சொல்லிக் கொடுத்தாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன, இவன் பேரைப் போட்டிருக்கு?"

"வந்து சொல்றேன்மா" என்று செருப்பை மாட்டினாள்.

தெருமுனை ஸ்டாப்பில் அவர் இல்லை. இரண்டு பெட்டியோடு ஒருவர் ஆட்டோவில் ஏறினாரே என்று அங்கிருந்த பழக்கடைக்காரர் சொன்னார். வெளியூர் பஸ்கள் நிற்கிற நிலையத்துக்கு இவள் போய்ச் சேர மூன்று இருபது ஆகிவிட்டது. வழியில் அம்மா ஒருமுறை கூப்பிட்டார். கோடு ஏறவில்லை, படுத்தபடியே போகிறது என்று சொல்லிவிட்டு, ஆள் கிடைத்தானா என்று கேட்டார்.

கிடைத்தார். ஏழாம் எண் மேடையில், ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து இன்னொரு பெட்டியில் காலை நீட்டியிருந்தார். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அவளைப் பார்த்ததும் காலை மடக்கி அந்தப் பெட்டியைத் தட்டினார், உட்கார் என்று.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அது அவர் இல்லை, ஒரு புரோகிராம். தின்றது மெமரி. அடைத்தது கம்ப்யூட்டரின் இடத்தை. தம்பி ஆறு மாதமாகச் சொன்னதும் அந்தப் புரோகிராமைப் பற்றித்தான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். சாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, படித்த பிள்ளைகளுக்குச் சொல்லியா தர வேண்டும் என்றார். அவள் போனில் அந்தத் திரையைத் திறந்து காட்டினாள். அத்தை, பெரியப்பா, குட்டி, சின்ன மாமா. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பச்சைப் புள்ளி. சின்ன மாமாவுக்கு எதிரே 'இருபத்தொன்பது முடிந்தது' என்றிருந்தது. அவர் போனைக் கையில் வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இருபத்தொன்பது முப்பதானது. அவர் முகத்தில் மெல்ல ஒரு நம்பிக்கை வந்தது.

"அத்தைக்கு என்ன வேலை?"

"எல்லாருக்கும் சேதி அனுப்பறது."

"பொருத்தம்தான்" என்றார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "அதுக்கு ஏன் என் பேரு?"

"நீங்க அப்போ எங்களுக்கு ஃப்ரிட்ஜை மூணு மாடி ஒத்தை ஆளாத் தூக்கிட்டு வந்தீங்க. அந்த வாரம் வச்ச பேரு. பெரிய சுமை எதுவா இருந்தாலும் சின்ன மாமான்னு."

அவர் தலையாட்டினார். அது உண்மை என்பதால் அவளால் சுலபமாகச் சொல்ல முடிந்தது. அடுத்த கேள்வி சுலபமாக இல்லை.

"அறை உனக்கு வேணும்ல?"

ஏழு மாதமாக வீட்டில் யாரும் உச்சரிக்காத வார்த்தை. அதை அவரே எடுத்துப் போட்டார். இல்லை மாமா, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்கால் வட்டங்கள் கண்ணுக்குள் வந்தன.

"வேணும் மாமா" என்றாள். "அதுக்காக நீங்க போகணும்னு நான் நினைச்சதில்ல."

"ரெண்டும் உண்மைதான். எனக்கும் தெரியும்."

அவருக்குக் கோபமில்லை என்பதுதான் அவளைக் கலக்கியது. அழுதுவிடுவோமோ என்று பயந்து, பஸ்களின் பலகைகளைப் படிக்க ஆரம்பித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். போன வாரம் வந்த அதே உறை. ஓரம் பிரித்திருந்தது.

"உங்க மெசேஜுக்காக நான் பெட்டி கட்டல பாப்பா. இதைப் படி."

அவருடன் முன்பு தொழிலில் கூட்டாக இருந்தவர் எழுதியிருந்தார். இப்போது அவர் வேறு ஊரில் பெரிய கிடங்கு ஒன்றைக் கவனித்துக்கொள்கிறார். சுமை ஏற்றி இறக்குவதை மேற்பார்வையிட ஆள் வேண்டும், தங்க இடமும் உண்டு, திங்கட்கிழமை வந்து சேர். அவ்வளவும் நல்ல சேதிதான். கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'உன் அக்கா எனக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், ஆனால் உனக்குத் தெரியாமல் உன்னைக் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.'

மூத்தவள் அந்த வரியை இரண்டாவது முறை படித்தாள். அறை என்று சொல்லாதே, தம்பி மனசு நோகும் என்று வீட்டுக்கே கட்டளை போட்ட அம்மா. நூலகத்து மேஜையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

"ஒரு வாரமா இதை வச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தேன்" என்றார் மாமா. "அக்கா மேல கோபப்பட எனக்கு வராது. இன்னிக்கு உங்க மெசேஜ் வந்துச்சா, அப்பாடான்னு இருந்துச்சு. உங்க ரெண்டு பேர் மேல கோபப்பட்டுட்டுக் கிளம்பிடலாம் பாரு. எனக்கும் கௌரவமா இருக்கும், அவளுக்கும் பழியில்ல."

"நான் வந்து கெடுத்துட்டேன்."

"கெடுத்துட்டே" என்று ஒத்துக்கொண்டார்.

நாலரைக்குத்தான் அவருக்குப் பஸ். அவள் அவரைப் போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் பாதிப் பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. அம்மா மத்தியானத்திலிருந்து அவர் பெயர் எழுதிய கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் சொன்னாள். அவர் கயிற்று முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய போன் அதிர்ந்தது. முப்பத்தெட்டும் முடிந்துவிட்டது. இளையவன் சந்தோஷத்தில் எழுதியிருந்தான். பழையபடி குரூப்பின் பெயரைப் பார்க்காமல்தான் எழுதியிருந்தான்.

"சின்ன மாமா ஜெயிச்சுட்டார். ஆள் பஞ்சு மாதிரி லேசாயிட்டார். இனிமே அவரை யாரும் வெளிய அனுப்ப வேண்டாம்."

மாமா அதை வாங்கி வாய்விட்டு வாசித்தார். புரோகிராமைப் பற்றித்தான் என்று இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை வாசித்தார்.

"திங்கக்கிழமைதானே வரச் சொல்லியிருக்கான்" என்று எழுந்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கலாம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. இந்தக் கடிதத்தைப் பத்தி அக்காவுக்கு மூச்சு விடாத. அவ எழுதினது எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவளால தாங்க முடியாது."

அவள் ஒரு பெட்டியைத் தூக்கப் போனாள். அவர் விடவில்லை. இரண்டையும் அவரே எடுத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். கோட்டைப் பார்த்துப் பார்த்தோ வேறு எதனாலோ கண் சிவந்திருந்தது. தம்பியைக் கண்டதும் பெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கி உள்ளே வைத்தார். பிறகு திரும்பினார்.

"யாருடா உன்னைப் போகச் சொன்னது இந்த வீட்டுல?"

மாமா செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். மூத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. அதில் ஒன்றை மட்டும்தான் சொல்லலாம்.

"நான்தாம்மா" என்றாள். "என் தப்பு."

அந்தக் கோட்டுக்கு மாமா பெயர் எப்படி வந்தது என்பதையும் சொன்னாள். அம்மா பிடித்துக்கொண்டார். கூடப்பிறந்தவன் ஒருத்தன் தங்க இந்த வீட்டில் இடமில்லையா, என்ன பேர் வைப்பது யாருக்கு வைப்பது என்று ஒரு அளவில்லையா, ஒரு மேஜைக்காக மனுஷனைத் துரத்துவார்களா என்று வரிசையாகக் கேட்டார். மூத்தவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பாதியில் ஒரு வரி அவள் நாக்கின் நுனிவரை வந்தது. மூன்று கடிதம் என்ற இரண்டே வார்த்தை. அதை விழுங்குவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"விடுக்கா. சின்னப் பொண்ணு" என்றார் மாமா.

அவர் பெட்டிகளைப் பின்பக்க அறைக்கு எடுத்துப் போகவில்லை. கூடத்துச் சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க உட்கார்ந்தார். அம்மா பேசிக்கொண்டே வந்து மேல் பெட்டியில் கை வைத்தவர், சட்டென்று நிறுத்தினார். கயிறு இறுக்கமாக, இரட்டை முடிச்சோடு அப்படியே இருந்தது.

"கயித்தை அவிழ்க்கலையாடா?"

"அவிழ்க்கலாம்க்கா. என்ன அவசரம்."

அம்மா கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கயிற்றிலிருந்து தம்பியின் முகத்துக்கும், முகத்திலிருந்து அவர் சட்டைப் பைக்கும் அவர் கண்கள் போயின. பைக்கு வெளியே ஒரு கடித உறையின் நுனி தெரிந்தது.